மாமா மகளா, பால்குடித் தங்கையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடலோரத்தான்

அஸ்ஸலாமு அலைக்கும். ஊரில் இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. மதியம் ளுஹர் தொழுகைக்குச் சொன்னால் மாலை அஸர் தொழுகைக்குள் தெருக்கோடிவரை போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தேழு வயது. வாப்பாவின் ஊர் தக்கலை. உம்மா குளச்சலில் பிறந்தவர். நான்கு வருடங்களுக்கு முன்பு மவுத்தாகிவிட்டார். அவருடன் பிறந்தவர் ஒரே மாமா. உம்மா போன பிறகு, மாமாவின் மகளை எனக்கு முடித்துவைக்க வேண்டும் என்று உம்மும்மா (உம்மாவின் உம்மா) பிடிவாதமாக நின்றார். எங்கள் இருவருக்கும் மறுப்பில்லை. சென்ற மாதம் ஜமாஅத்தில் தடையில்லாச் சான்று கேட்பது வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் வாப்பாவின் மூத்த சகோதரி, சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: “சுனாமி அன்றைக்கு இந்தப் பிள்ளை உன் உம்மாவிடம் அல்லவா பால் குடித்தது?”

நடந்தது இது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா வீடு கடலுக்குப் பக்கம். பெண்ணுக்கு அப்போது மூன்று மாதம். தண்ணீர் வந்ததும் மாமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாருடைய பைக்கிலோ ஏறித் தக்கலையில் எங்கள் வீட்டில் கொண்டு விட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். மாமி தன் உம்மாவைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் என் தங்கை ஆறு மாதக் குழந்தை, உம்மாவுக்குப் பால் இருந்தது. மாமி அன்று பொழுது சாயும் மஃரிபுக்கே வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறார். வாப்பாவின் சகோதரியோ மறுநாள் மத்தியானம்தான் வந்தார் என்கிறார். எனக்கு அப்போது ஆறு வயது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் படுத்துக் கிடந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. நாங்கள் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). இந்தத் திருமணம் கூடுமா?

ஓதிப்படித்தவன்

வ அலைக்குமுஸ்ஸலாம். தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் நேரில் கேளுங்கள். நான் ஓதியதை மட்டும் சொல்கிறேன்.

குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 23ஆம் வசனம் மணக்கக் கூடாத பெண்களை வரிசையாகச் சொல்கிறது. உம்மா, மகள், சகோதரி, வாப்பாவின் சகோதரி, உம்மாவின் சகோதரி என்று போகும் அந்த வரிசையிலேயே பாலூட்டிய தாயும் பால்குடிச் சகோதரியும் வருகிறார்கள். ஆகவே “இரத்தம் வேறுதானே” என்ற பேச்சுக்கு இடமில்லை.

கேள்வி எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை குடித்தாலே உறவு ஏற்பட்டுவிடும். ஷாஃபியில் குழந்தை இரண்டு வயதைத் தாண்டாமல், தனித்தனியாக ஐந்து முறை குடித்திருக்க வேண்டும். குழந்தை தானாக வாயை எடுத்துவிட்டுப் பிறகு பசித்துக் குடித்தால் அது அடுத்த முறை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிப் போட்டால் அது இரண்டாகாது. ஐந்தா நான்கா என்று சந்தேகம் வந்தால் உறவு உறுதியாகாது.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் உம்மாவிடம் அந்தப் பெண்ணே குடித்தாளா, அவளுடைய அக்காளோ காக்காவோ (அண்ணனோ) குடித்தார்களா? குடித்த பிள்ளையும் அதன் சந்ததியும்தான் இந்த உறவுக்குள் வரும். கூடப்பிறந்தவர்களுக்கு அது ஒட்டாது. நம் பக்கத்தில் “அந்த வீட்டுப் பிள்ளை நம் பாலைக் குடித்தது” என்று மொத்த வீட்டையும் தள்ளிவைக்கிறார்கள். அது தப்பு.

கடலோரத்தான்

அவளேதான் காக்கா. அவளுக்கு மூத்தவர்கள் யாரும் இல்லை. அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

பிரசவ வார்டு

நாகர்கோவிலில் முப்பது வருடம் செவிலியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மார்க்கம் எனக்குத் தெரியாது. குழந்தையின் வயிறு தெரியும். மூன்று மாதக் குழந்தை இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும். காலை பத்து மணிக்கு வந்தது என்றால் மஃரிபுக்குள் மூன்று முறை, மிஞ்சினால் நான்கு. மறுநாள் மத்தியானம்வரை என்றால் எட்டுக்குக் குறையாது. பழக்கமில்லாத மடி என்று முதலில் ஒரு மணி நேரம் அழுது அடம்பிடித்திருக்கும். பசி முற்றினால் எந்த மடியும் அதற்கு ஒன்றுதான். பால்பொடி ஏதாவது வாங்கினார்களா என்று கேளுங்கள். அப்படி வாங்கியிருந்தால் கணக்கு மாறும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமா மகளோ மாமி மகளோ, நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்பது நான்கிலிருந்து ஆறுவரை போகும். பயமுறுத்தச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் கொடுத்து வாங்கியவர்கள் கல்யாணத்துக்கு முன்பே இரத்தம் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இடலாக்குடிக்காரன்

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கணக்கு? சந்தேகம் வந்துவிட்டது, விட்டுவிட்டு வேறு பெண் பாருங்கள் தம்பி. நாஞ்சில் நாட்டில் பெண்ணுக்கா பஞ்சம்?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சவூதியில், தம்மாமில் என் முதலாளி, “நீ உன் வாப்பாவின் சகோதரர் மகளைக் கட்டவில்லையா?” என்று கேட்டார். அவர்கள் ஊரில் முதல் உரிமை அவளுக்குத்தானாம். நான் பதறிப்போய், “அவள் என் தங்கச்சி” என்றேன். “ஒரு தாய் வயிற்றிலா?” என்றார். “இல்லை, சாச்சா மகள்” என்றேன். “பிறகு எப்படித் தங்கச்சி?” என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மார்க்கத்தில் தடை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் சாச்சா மகளைக் கட்டுவது என்றால் நம் வீட்டில் சோறு இறங்காது. மாமா மகள் என்றால் பந்தல் போட்டுவிடுவோம். இது அரபு நாட்டிலிருந்து வந்த வழக்கமில்லை, மண்ணோடு வந்தது.

நாஞ்சில்வாசி

வெளி ஆள் குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அக்காள் மகளையே கட்டுவார்கள். என் அப்பாவின் திருமணம் அப்படித்தான். உங்களில் அது உண்டா?

ஓதிப்படித்தவன்

அறவே கிடையாது. நான் சொன்ன அதே வசனத்தில் சகோதரியின் மகளும் இருக்கிறாள். மாமா மகள், மாமி மகள் முறை நமக்கும் உங்களுக்கும் பொது. அக்காள் மகள் என்ற இடத்தில் வழி பிரிகிறது.

இடலாக்குடிக்காரருக்கு: சந்தேகம் என்றவுடன் விட்டுவிடச் சொல்ல ஹதீஸ் இருக்கிறது, உண்மை. உக்பா இப்னு ஹாரிஸ் என்ற நபித்தோழர் ஒரு பெண்ணை மணந்த பிறகு, வேறொரு பெண் வந்து “உங்கள் இருவருக்கும் நான் பால் கொடுத்திருக்கிறேன்” என்றார். உக்பா மக்காவிலிருந்து மதீனாவரை பயணம் செய்து நபியிடம் கேட்டார். “அப்படிச் சொல்லப்பட்ட பிறகு எப்படி?” என்றார்கள் நபியவர்கள். உக்பா பிரிந்துவிட்டார். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஷாஃபி இமாம்கள் இதைப் பேணுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள், கட்டாயம் என்று இல்லை. சட்டப்படி நிரூபிக்க இரண்டு ஆண்கள், அல்லது ஒரு ஆணும் இரண்டு பெண்களும், அல்லது நான்கு பெண்கள் சாட்சி சொல்ல வேண்டும். தம்பியிடம் இருப்பது ஒரு பெண்ணின் சொல். அதையும் மாமி மறுக்கிறார்.

கடலோரத்தான்

பால்பொடியைப் பற்றிக் கேட்டேன். டின் வாங்கியது உண்மை. ஆனால் கடை மூடிக் கிடந்தது, மறுநாள் காலையில்தான் கிடைத்தது என்கிறார் வாப்பாவின் சகோதரி. அவரே வெந்நீர் வைத்தாராம். “மறுநாள் காலையில் பால்பொடி எதற்கு, நான்தான் மஃரிபுக்கே வந்துவிட்டேனே?” என்று மாமி அழுகிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

இன்னொன்று. எங்கள் வாப்பா அப்போது சவூதியில் இருந்தார். அவருக்கு எதுவும் நேரில் தெரியாது.

தக்கலை மைனி

தம்பி, எண்ணிக்கையை விடுங்கள். இருபது வருடத்துக்கு முன்பு வெள்ளம் வந்த நாளில் யார் கடிகாரம் பார்த்தார்கள்? உங்கள் உம்மா எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். உங்களிடம் மூன்று கேள்விகள்.

அந்தப் பிள்ளை சின்ன வயதில் உங்களை எப்படிக் கூப்பிட்டாள்?

உங்கள் தங்கையும் அவளும் எப்படி?

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் வாப்பா லீவில் வந்தால் அவள் அவர் முன்னால் முக்காடு போடுவாளா? வாப்பாவின் சகோதரியைக் கட்டியவர் என்ற முறையில் அவர் அவளுக்கு அந்நிய ஆண்தான். வயதுக்கு வந்த பிள்ளை தலையை மறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் உங்கள் உம்மா அவளுக்குப் பால் உம்மா என்றால், உங்கள் வாப்பா அவளுக்குப் பால் வாப்பா. மறைக்க வேண்டியதில்லை. உங்கள் உம்மா பேணுதலான ஆள் என்றால் இதில் அவர் மனம் தெரிந்துவிடும்.

இடலாக்குடிக்காரன்

மைனி, நீங்கள் வக்கீலாகப் போயிருக்க வேண்டும்.

கூப்பிடுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் மாமா மகள்கள் எல்லாருமே மூத்த பையன்களைக் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரியே நிக்காஹ் நடக்கிற நாள்வரை என்னைக் காக்கா என்றாள். இன்றும் கோபம் வந்தால் அதுதான் வாயில் வரும்.

திருவிதாங்கோட்டுப் பேரன்

நான் வேறொரு கோணத்தில் கேட்கிறேன். உங்கள் உம்மும்மா ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்? சொத்து அவர் பெயரில் இருக்கிறதா?

இருந்தால், உங்கள் உம்மா தாய்க்கு முன்பே போய்விட்டதால் நம் பாகச் சட்டப்படி உங்களுக்கு ஒரு சென்ட் கூட வராது. மாமா உயிரோடு இருக்கிறார், மகன். மகள் வயிற்றுப் பேரனுக்குப் பங்கு வராதபடி அவர் மறைத்துவிடுவார். உம்மா இருந்திருந்தால் மாமாவுக்கு இரண்டு பங்கு, உம்மாவுக்கு ஒரு பங்கு. மூன்றில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். இப்போது அது போயிற்று. பேத்தியை உங்களுக்குக் கொடுத்துவிட்டால் விளை (தோப்பு) சுற்றி உங்கள் கைக்கே வரும் என்று அந்தக் கிழவி கணக்குப் போட்டிருப்பார். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. மருமக்கத்தாயம் பார்த்த முஸ்லிம் குடும்பங்களும் அந்த ராஜ்யத்தில் இருந்தன. அந்த வழக்கத்தில் மாமாவுக்கு வாரிசு மகன் இல்லை, சகோதரியின் மகன். அதாவது நீங்கள். கொல்லம் ஆண்டு 1108இல், அதாவது 1932–33இல், முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் வந்து ஷரீஅத் பங்கு முறையைக் கொண்டுவந்தது. உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் பிறந்திருந்தால் நீங்கள் இங்கே வந்து கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள், மாமாவின் சாவிக்கொத்து உங்கள் இடுப்பில் இருந்திருக்கும்.

நாஞ்சில்வாசி

எங்களுக்கும் அதே கதைதான். 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வரும்வரை மருமக்கள்வழிதான். மாமன் இறந்த வீட்டில் பிள்ளைகள் ஒரு பக்கம், மருமக்கள் ஒரு பக்கம் என்று நின்று நெல்லை அளந்த கதைகளை என் பாட்டி சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு வராத கதைகளையும் சொல்வார்.

கடலோரத்தான்

மூன்று நாட்களாக எழுதவில்லை. மன்னியுங்கள்.

மைனியின் கேள்விகளுக்குப் பதில். சின்ன வயதில் காக்கா என்றுதான் கூப்பிட்டாள். சம்பந்தப் பேச்சு வந்த பிறகு மாமிதான் “இனி மச்சான் என்று சொல்” என்று மாற்றினார். இடலாக்குடிக்காரர் சொன்னதுபோல் இதில் ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

தங்கையிடம் கேட்டேன். தலை பின்னிவிடும்போது உம்மா இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து, “நீங்கள் ஒரு மடிப் பிள்ளைகள், சண்டை போடக்கூடாது” என்று சொல்வாராம். பாசத்தில் சொல்கிறார் என்று இவள் நினைத்திருக்கிறாள்.

மூன்றாவது கேள்வியை வாப்பாவிடம் கேட்க எனக்கு ஒரு நாள் ஆனது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்டேன். பதில் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். 2017இல் லீவில் வந்திருந்தபோது, அவள் வெறுந்தலையோடு அவருக்குச் சாயா கொண்டுவந்தாள். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உம்மாவைக் கூப்பிட்டுக் கடிந்திருக்கிறார். உம்மா, “உங்களுக்கு அவள் மறைக்க வேண்டாம், நம் பிள்ளைதான்” என்றாராம். “நான் அதைப் பிரியத்தில் சொன்ன சொல் என்று எடுத்துக்கொண்டேன் மக்களே. பெண்களுக்குள் இருக்கும் விஷயம் என்று அதற்குமேல் கேட்கவில்லை” என்றார்.

எங்கள் உம்மா எதிர்வீட்டுப் பையனுக்குக் கூடத் தலையை மறைக்காமல் கதவு திறக்காதவர்.

ஓதிப்படித்தவன்

தம்பி, ஃபத்வா இன்னும் சந்தேகத்தின் பக்கம்தான் நிற்கும். உங்கள் உம்மா எத்தனை முறை என்று எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் பால் கொடுத்தவரின் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்த பிறகு, உக்பாவிடம் நபி கேட்ட கேள்வி உங்களிடமும் வருகிறது. இதற்குமேல் நான் சொல்ல மாட்டேன்.

தக்கலை மைனி

மாமியைக் குறை சொல்லாதீர்கள். அன்றைக்குத் தன் உம்மாவைத் தேடி அலைந்த பெண்ணுக்கு ஞாயிறு எது திங்கள் எது என்று எப்படித் தெரியும்?

கடலோரத்தான்

விட்டுவிட்டோம். மாமாவும் வாப்பாவும் நானும் உட்கார்ந்து பேசி முடித்தது ஐந்து நிமிடத்தில். உம்மும்மாவிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “உனக்கு நான் எதைத் தருவேன்?” என்று மட்டும் கேட்டார். திருவிதாங்கோட்டுப் பேரன் சொன்னது சரிதான். குளச்சலுக்கு மேற்கே முப்பது சென்ட் தென்னை விளை அவர் பெயரில் இருக்கிறது.

முத்திரைத்தாள்

பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் உம்மும்மாவுக்கு இரண்டு வழி இருக்கிறது.

வஸிய்யத் (உயில்) எழுதலாம். நீங்கள் வாரிசு இல்லை என்பதே இங்கே உங்களுக்குச் சாதகம். வாரிசு இல்லாதவருக்கு, அடக்கச் செலவும் கடனும் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குவரை மற்ற வாரிசின் சம்மதம் இல்லாமலே கொடுக்கலாம். உம்மா இருந்திருந்தால் வந்திருக்கும் அதே பங்கு. ஆனால் அது அவர் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும், அவர் நினைத்தால் மாற்றவும் செய்யலாம்.

ஹிபா (தானம்) என்றால் இப்போதே. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், நீங்கள் ஏற்றேன் என்று சொல்ல வேண்டும், நிலம் கைமாற வேண்டும். இந்த மூன்றாவதில்தான் வழக்குகள் எல்லாம் விழுகின்றன. வாயால் கொடுத்துவிட்டுத் தேங்காய்ப் பணத்தைப் பழையபடி கிழவியே வாங்கிக்கொண்டிருந்தால், நாளை மாமா பிள்ளைகள் “ஒப்படைக்கவே இல்லை” என்பார்கள். முஸ்லிம் ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பதிவு செய்யுங்கள். பட்டா மாற்றப் போகும் இடத்தில் அந்தத் தீர்ப்பை யாரும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இடலாக்குடிக்காரன்

மாமா ஒத்துக்கொள்வாரா?

கடலோரத்தான்

மாமாதான் பத்து சென்ட் என்று முதலில் சொன்னார். “என் சகோதரியின் பங்கு அது, எனக்கு ஹலால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்” என்றார். ஹிபாவாகவே எழுதுகிறோம். வரும் வியாழக்கிழமை தேங்காய் வெட்டு. கிழக்குப் பக்கத்துப் பதினோரு மரங்களின் காயை நான் நின்று எண்ணி வாங்க வேண்டும் என்று உம்மும்மா உத்தரவு.

நேற்று அங்கே போயிருந்தேன். அளவு பார்க்கச் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது, சாயா ஆறுகிறது என்று. மச்சான் என்றும் சொல்லவில்லை, காக்கா என்றும் சொல்லவில்லை. “சாயா ஆறுகிறது” என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

முத்திரைத்தாள்

பதினோரு மரம் என்பதைப் பத்திரத்தில் எல்லையோடு எழுதுங்கள். மரம் விழும், சர்வே கல் விழாது.